பூ எடுக்கிற நேரம்

“ஏம்மா, எனக்குத் தூக்கம் வரலைன்னா நீ தட்டிக் குடுக்குற. கருவாயனுக்கு யாரு தட்டிக் குடுப்பா?”

கீர்த்தனா இதைக் கேட்டது பங்குனி மாதத்து ஒரு ராத்திரியில். ஆறு வயதுப் பிள்ளை பாயில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள். பதில் சொல்ல அவள் அம்மா பொன்னழகுக்கு நேரமில்லை. நாயின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, வாசற்படியில் காலை ஊன்றி நின்றிருந்தாள். நாய் அவளை இரும்புக் கேட்டை நோக்கி இழுத்தது. பிடி நழுவியதும் கேட்டுக்கு ஓடிக் குரைத்தது. திரும்பி வீட்டுக்குள் பாய்ந்து, அவள் புருஷன் சோலைமுத்து படுத்திருந்த கட்டிலில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. அவன் போர்வையைக் கவ்வி இழுத்தது. மறுபடி கேட்டுக்கு ஓடியது. முன்வீட்டில் பச்சைக் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அணைந்தது. அந்த விளக்கு அணைகிற வரைக்கும் பொன்னழகு நாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தது தைப் பொங்கல் கழிந்து. சொந்த ஊர் சேவுகம்பட்டிப் பக்கம். கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். பூ எடுத்து, பூ விற்று, பூவையே நம்பி இருந்த குடும்பம். சோலைமுத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்று ஆனது. பஸ்ஸில் போய் வந்ததில் ஒரு நாள் திரும்புகாலில் வத்தலக்குண்டு ரோட்டில் மயங்கி விழுந்தான். அதற்குப் பிறகு தோட்டத்தைத் தம்பி கண்ணுசாமியிடம் ஒப்படைத்துவிட்டு, பேகம்பூர்ப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இந்த வீட்டைப் பிடித்தார்கள். முன்வீடு கமர்ஜஹானுடையது. பின்கட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் இவர்களுக்கு. தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் இரண்டு வீட்டுக்கும் பொது.

சாமான் ஏற்றிய லோடு ஆட்டோவில் மூட்டைகளுக்கு மேல் நாயும் ஏறி உட்கார்ந்து வந்தது. செம்பட்டை உடம்பு, கரிபூசின மாதிரி வாய். அதனால்தான் கருவாயன். பார்த்ததும் கமர்ஜஹான் முகம் சுளிக்கத்தான் செய்தாள். “நாய் இருக்குன்னு சொல்லலையே தாயி” என்றாள். சோலைமுத்தின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, “சரி, தொழுகிற எடத்துப் பக்கம் வராமப் பாத்துக்க. பகல்ல கட்டிப்போடு. ஓதப் போற பிள்ளைக நடக்குற சந்து” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கமர்ஜஹானின் கணவர் ரஹ்மத்துல்லா ஒரு பிரியாணிக் கடைக்குச் சமையல்காரர். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்குப் போனால் அங்கேயே படுத்து, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, வேலை முடிந்து மத்தியானத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார். பொன்னழகுக்கு அவர்தான் வேலை பிடித்துக் கொடுத்தார். கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுப்பது. மூட்டை வீட்டுக்கே வந்துவிடும். வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சின்னக் கத்தியால் தலையும் வாலும் சீவி, தோலை ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். பூ எடுத்த விரல்களுக்கு அந்த வேகம் சீக்கிரம் வந்துவிட்டது.

எதிர்வீட்டு அமலராணியும் உரிக்க வருவாள். இரண்டு பேரும் நிழல் பார்த்து உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்துகொண்டு உரிப்பார்கள்.

“நேத்தும் ஒங்க நாயி கச்சேரி வச்சுச்சு போல” என்றாள் அமலராணி.

“ஒங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சாக்கா?”

“எங்க வீடா? மலைக்கோட்டை வரைக்கும் கேட்டுருக்கும்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டிலில் படுத்திருந்த சோலைமுத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிறாத. வீட்டுல சீக்காளி கெடக்கயில, நாயி நடுச்சாமத்துல வாசலுக்கும் கட்டிலுக்குமா ஓடுனா நல்லதில்லம்பாக. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆளு அதுக கண்ணுக்குத் தெரியுமாம்.”

பொன்னழகின் கத்தி வெங்காயத்திலேயே நின்றது.

“அது போர்வையத்தான் இழுக்குது” என்றாள்.

“அதைத்தான் சொல்றேன்” என்றாள் அமலராணி. அவள் கெட்டவள் அல்ல. பயத்தைத் தனியாக வைத்திருக்க முடியாதவள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பொன்னழகு ராத்திரியில் சரியாகத் தூங்கவில்லை. அதற்கு முன்னாலும் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. நடுச்சாமம் கழிந்ததும் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து சோலைமுத்துக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவனும் பிள்ளையும் விழித்துவிடக் கூடாது என்பதால் குழல்விளக்கைப் போடமாட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். முன்பு ஒரு தடவை பார்ப்பாள். அமலராணி சொன்ன பிறகு மூன்று, நான்கு தடவை ஆனது. நாயின் ஆட்டமும் அதற்குத் தக்கபடி கூடியது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. காற்றில்லாத ராத்திரிகள். மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் ஊர்மேல் ஊதிவிடுகிற மாதிரி இருந்தது. முன்வீட்டில் கமர்ஜஹானின் மகள் ஃபாயிஸா தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, பச்சை உடம்போடு இருந்தாள். பிள்ளைக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியவில்லை. படாதபாடு பட்டுத் தூங்கவைத்தால் நாய் எழுப்பிவிடும்.

ஒரு திங்கட்கிழமை கமர்ஜஹான் பின்கட்டுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

“பொன்னழகு, நான் கோவமாப் பேச வரல. எம்மக தலைய நிமித்த முடியாமக் கெடக்கா. நேத்து பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டா. கை தளந்து பிள்ளை மடியில இருந்து நழுவப் பாத்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன், அல்லா காப்பாத்துனான்.”

“அக்கா…”

“நாயக் குத்தம் சொல்லல. அதுக்கு என்ன தெரியும்? ஆனா எம்மகளுக்கு ஒறக்கம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அத ஊருக்கு அனுப்பிச்சிரு. நீங்க இருங்க. நாய் மட்டும் வேணாம்.”

பொன்னழகு தலையாட்டினாள். கமர்ஜஹான் கேட்டது நியாயம்தானே.

கண்ணுசாமிக்குப் போன் போட்டாள். “ஏ மதினி, இங்க ரெண்டு நாயி ஏற்கெனவே கெடக்கு. அது இதுகளக் கடிச்சுக் கொல்லும்” என்றான். “வேணும்னா வாங்கிட்டு வந்து கண்மாய்க் கரையில விடுறேன். பிழைச்சுக்கிரும்.” பிழைக்காது என்பது அவன் குரலிலேயே இருந்தது.

கட்டிலில் இருந்து சோலைமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வியாதி வந்த பிறகு அவன் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியிலும் பேசுவதில்லை, வீட்டிலும் பேசுவதில்லை. சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டு, “என்னலே அப்பு, இன்னைக்கு என்ன சேதி” என்று கேட்பான். அந்த ஒரு பேச்சுதான்.

“அவன அனுப்புனா என்னையும் அனுப்பிச்சிரு” என்றான்.

“என்ன பேச்சு பேசுறீங்க.”

“இங்க கெடந்து யாருக்கு என்ன ஆச்சு? ஊருல போய்க் கெடக்குறேன். எத்தன நாளோ அத்தன நாளு.”

ஊருக்குப் போனால் ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லையென்றால் பத்துநாள் தாங்காது என்று டாக்டரம்மா அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். பொன்னழகு அடுப்படிக்குப் போய், சௌந்தரராஜப் பெருமாள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. அவனுக்காக உப்பில்லாமல் வேகவைத்த பீர்க்கங்காய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. காய் வெந்த தண்ணீர் அவன் வியாதிக்கு ஆகாது, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதைச் செய்தாள்.

மறுநாள் நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் வரிசையில் நின்றாள். சின்ன வயதுப் பெண் டாக்டர், கீழே மண்டியிட்டு நாயின் வாயையும் காதையும் பார்த்தாள்.

“ஒரு கொறையும் இல்லம்மா. நல்லா இருக்கான். பகல் பூரா கட்டிப்போடுறீங்களா?”

“ஆமாம்மா. பிள்ளைக நடக்குற எடம்.”

“பகல் பூரா படுத்துக் கெடந்தா ராத்திரி எப்படிம்மா தூக்கம் வரும்? இந்தச் சாதி நாய்க்கு ஓட்டம் வேணும். சாயந்தரம் வேர்க்க வேர்க்க நடத்திக் கூட்டிட்டுப் போங்க. பொழுதோட சோறு வச்சிருங்க. ராத்திரி துள்ளுனா அடிக்காதீங்க, சத்தம் போடாதீங்க. நீங்க பதறினா அவனும் பதறுவான்.”

“தூக்க மாத்திரை ஏதாச்சும்…”

“வேணாம்மா. அவன் என்னமோ கேக்குறான். மாத்திரை குடுத்தா கேக்குறத நிறுத்துவான், வேறென்ன?”

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். உரித்த வெங்காயத்தை அனுப்பிவிட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து, ரயில் தண்டவாளத்தை ஒட்டின பொட்டலுக்குக் கூட்டிப்போனாள். முதலில் நாய் அவளை இழுத்தது, பிறகு இருவரும் ஓடினார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் நாயோடு ஓடுவதைப் பார்த்து, கிரிக்கெட் ஆடிய பையன்கள் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓடினாள். திரும்பி வந்து, கடையிலிருந்து வந்த எலும்பும் சோறும் பிசைந்து பொழுதோடே வைத்தாள். கருவாயன் தின்றுவிட்டு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தது. எட்டு மணிச் செய்தி முடியுமுன் குறட்டை விட்டது.

“பாத்தீங்களா” என்றாள் சோலைமுத்திடம். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

ஆனால் நடுச்சாமம் கழிந்ததும் நாய் எழுந்துவிட்டது. கேட்டுக்கு ஓடியது. போர்வையை இழுத்தது. ஆட்டம் முன்னைப்போல நீடிக்கவில்லை, பாதிதான். அந்தப் பாதியே பிள்ளையை எழுப்பப் போதுமாக இருந்தது. புதன்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை மத்தியானம் ரஹ்மத்துல்லா வெங்காய மூட்டையோடு பின்கட்டுப் பக்கம் வந்தார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒங்க பக்கத்துல கைவைத்தியம் ஏதாச்சும் உண்டா? பேரப்பிள்ளைக்கு வயித்து வலியாம்ல. ராத்திரியெல்லாம் அழுவுதாம். கமரு சொன்னா.”

பொன்னழகுக்கு ஒன்றும் புரியவில்லை. “வயித்து வலியா பாய்?”

“அப்படித்தான் சொல்றா. நான் ராத்திரி இங்க இல்ல, எனக்கென்ன தெரியும்? நாயி கீயி கொலைச்சு எழுப்புதானு கேட்டேன். சேச்சே, அது பாட்டுக்குக் கெடக்கு, பிள்ளைக்குத்தான் வயிறு சரியில்லனு சொல்லிட்டா.” போகிற போக்கில் திரும்பி, “முன்னால இருந்த குடித்தனம் நான் மத்தியானம் வந்து படுக்குற நேரத்துல டிவிய அலற விட்டான். ரெண்டு நாளு பாத்தேன், மூணாம் நாளு சாமானத் தூக்கித் தெருவுல வச்சுட்டேன். ஒறக்கம் கெட்டா எனக்குச் சகிக்காதும்மா” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பொன்னழகு மூட்டையின் வாயை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாயைப் பற்றி ஒரு வார்த்தை புருஷனிடம் போயிருந்தால், வெள்ளிக்கிழமை வரை தவணையே இருந்திருக்காது. நாயோடு சேர்ந்து கட்டிலும் அடுப்பும் தெருவுக்கு வந்திருக்கும். தன் மகள் தூங்காமல் கிடக்கும்போதே அந்த அம்மாள் இவர்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். சொன்னதை இவளிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை. கடவுள் எந்த வீட்டு விளக்கை ஏற்றி எந்த வீட்டுக்கு வெளிச்சம் தருகிறார் என்பது வெளிச்சத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.

அன்று ராத்திரி அவள் நாயைத் தன் பாய்க்குப் பக்கத்திலேயே படுக்கவைத்தாள். விடிந்தால் வெள்ளி. கண்ணுசாமி வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். நாயின் முதுகில் கையை வைத்தபடியே எப்போதோ கண்ணயர்ந்தாள். விழித்தபோது சந்து அடங்கிக் கிடந்தது. நாய் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்து, ஓசைப்படாமல் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த நெற்றி விளக்கை எடுத்தாள்.

“பொன்னு” என்றான் சோலைமுத்து இருட்டில்.

திடுக்கிட்டாள். “தூங்கலையா?”

“லைட்ட மாட்டாத.”

“சும்மா, தண்ணி குடிக்க…”

“எனக்குத் தெரியும் புள்ள. மாட்டாத. அவனப் பாரு.”

நாய் தலையைத் தூக்கியிருந்தது. தெருவிளக்கின் மங்கலில் அதன் கண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கு இருந்த கையை. உடம்பு விறைத்து, வால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

“தோட்டத்துல இந்நேரத்துக்கு என்ன செய்வோம்?” என்று கேட்டான் சோலைமுத்து.

அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்நேரத்துக்கு அவள் முதலில் எழுவாள். நெற்றி விளக்கை மாட்டுவாள். மாட்டியதும் கருவாயன் வாசலுக்கு ஓடும். சோலைமுத்து எழுந்திருக்கச் சுணங்கினால் ஓடிவந்து போர்வையை இழுக்கும். அவள் சிரிப்பாள். பிறகு வரப்பில் நாய் முன்னால் போகும். செடிக்குச் செடி மூக்கை நுழைத்துப் பாம்பு இல்லையென்று பார்த்துச் சொன்ன பிறகுதான் இவர்கள் கையை நீட்டி மொட்டுக் கிள்ளுவார்கள். அதன் வேலை அது. குட்டியிலிருந்து அந்த ஒரு வேலையைத்தான் அது படித்தது.

“நம்மளத்தான் கூப்புடுறான்” என்றான் சோலைமுத்து. “எமனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேரமாச்சு எந்திரிங்கன்றான். நீ ஒரு வாட்டி மாட்டுனா ஒரு வாட்டி கூப்புடுறான். நாலு வாட்டி மாட்டுனா நாலு வாட்டி.”

அமலராணி சொன்னதும் அவன் காதில் விழுந்திருக்கிறது.

பொன்னழகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “இத முன்னயே சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டு நாளு…”

அவன் போர்வையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சொன்னான். “சொன்னா நான் முழிச்சுக் கெடக்குறது ஒனக்குத் தெரிஞ்சுபோகும். நீ எதுக்கு வாரன்னு எனக்குத் தெரியும்ன்றதும் தெரிஞ்சுபோகும். அப்புறம் நீ வரமாட்டியோன்னு இருந்துச்சு.” பிறகு சேர்த்துச் சொன்னான். “நீ வந்து பாத்துட்டுப் போனாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

அவள் அழவில்லை. விளக்கைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

“லைட்டு இல்லாம நான் எப்படிப் பாக்குறது?”

சோலைமுத்து இடது கையை நீட்டினான். ஊசி குத்துவதற்காக ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயை இணைத்துத் தைத்த கை. மணிக்கட்டுக்கு மேலே புடைத்திருந்த இடத்தில் அவள் விரலை எடுத்து வைத்தான். தோலுக்கு அடியில் வண்டு முரலுகிற மாதிரி விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இது ஓடுற வரைக்கும் நான் இருக்கேன். தொட்டுப் பாத்துக்க. இருட்டுலயே.”

நாய் கொஞ்ச நேரம் காத்திருந்தது. வெளிச்சம் ஏறவில்லை. ஒரு தடவை எழுந்து சுற்றிவந்தது, கேட்டுப் பக்கம் பார்த்தது. யாரும் பதறவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு கட்டில் காலுக்கு அடியில் சுருண்டது.

காலையில் கமர்ஜஹான் பின்கட்டுக்கு வந்தாள். கண்ணுசாமியின் வண்டியை வரவேண்டாம் என்று பொன்னழகு அதற்குள் போனில் சொல்லியிருந்தாள். சொன்ன தைரியத்தை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

“நேத்து நாய அனுப்பிட்டியா?” என்று கேட்டாள் கமர்ஜஹான். “சத்தமே இல்லையே.”

தொட்டி ஓரத்தில் கட்டிக் கிடந்த கருவாயனை அப்புறம்தான் பார்த்தாள். பொன்னழகு நெற்றி விளக்கின் கதையைச் சொன்னாள். ராத்திரியில் மூச்சுப் பார்த்ததையும் சொன்னாள். கமர்ஜஹான் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும் நாயைப் பார்த்து, “ஏண்டா, வேலைக்குப் போகாம ஒனக்கு இருப்புக் கொள்ளலையா? எங்க வீட்டு ஆளு மாதிரியே இருக்கியே” என்றாள். பொன்னழகு சிரித்துவிட்டாள்.

“இன்னும் நாலு நாளு பாப்போம்” என்றாள் கமர்ஜஹான்.

வயிற்று வலி என்று அவள் சொன்ன பொய்யைப் பற்றிப் பொன்னழகு வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லி நன்றி கூறினால் அந்த அம்மாளுக்குக் கூச்சமாகிவிடும் என்று தோன்றியது.

அந்த நான்கு நாளும் கழிந்தது, அதற்கு மேலும் கழிந்தது. சாயங்காலப் பொட்டலில் இப்போது பையன்கள் கருவாயனுக்குப் பந்தை உருட்டிவிட்டார்கள். ராத்திரியில் அது எழுந்தால் பொன்னழகு பேசாமல் கையை அதன் முதுகில் வைப்பாள், படுத்துவிடும். விழிப்பு மட்டும் அவளை விடவில்லை. எத்தனையோ வருஷம் அந்நேரத்துக்கு எழுந்த உடம்பு. புருஷனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அப்படி ஒரு ராத்திரி வெளியே வந்தாள். கருவாயனும் பின்னாலேயே வந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையக் குழந்தைத் துணி ஊறிக் கிடந்தது. காலையில் துவைக்கலாம் என்று ஃபாயிஸா வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். முன்வீடு இருட்டாக, நிம்மதியாகக் கிடந்தது.

பொன்னழகு உள்ளே போய் ஒரு உருண்டைப் புளி எடுத்து வந்தாள். வெங்காய வாடை பிள்ளையின் துணியில் ஏறக் கூடாது. விரல் விரலாகத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினாள். குழாயைத் திறந்தால் சத்தம் வரும் என்று தொட்டியிலிருந்து மெதுவாகத் தண்ணீர் மொண்டாள். கல்லில் அடிக்கவில்லை. ஒவ்வொரு துணியாக உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். நாய் ஈரத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது. அலசிப் பிழிந்து, உதறாமல் நீவி, கொடியில் வரிசையாகப் போட்டாள். முன்வீட்டுக்குள் பிள்ளை ஒரு தடவை சிணுங்கியது. கையில் துணியோடு அப்படியே நின்றாள். சிணுங்கல் அடங்கியது.

அம்மா துவைத்துவிட்டாள் என்று மகள் நினைப்பாள். மகள் துவைத்துவிட்டாள் என்று அம்மா நினைப்பாள். அது போதும்.

ஒரு துணிகூட மிச்சமில்லை என்று வாளிக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்துக்கொண்டு, வாளியை அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.